கொங்கு நாட்டுக்கு 25 ஆண்டு ரயில் திட்டம் எழுதுவது எப்படி?

ரயில்வே மேலதிகாரி யாராவது ஈரோட்டுக்கோ கோவைக்கோ ஆய்வுக்கு வந்தால் போதும், சால்வையோடு மனுக்களும் சேர்ந்து குவிந்துவிடும். இந்த வண்டி எங்கள் ஊரில் நிற்க வேண்டும், அந்த வண்டியை இன்னும் நாலு ஸ்டேஷன் நீட்ட வேண்டும், மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிய ராமேஸ்வரம் வண்டி திரும்ப வேண்டும். நானும் அப்படி மனு எழுதிக் கொடுத்தவன்தான். எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் அவை அடுத்த கால அட்டவணையோடு முடிந்துபோகிற சங்கதிகள். 2050ல் இந்தப் பகுதி எப்படி நடமாடும் என்பதற்கு அந்த மனுக்களில் ஒரு வரிகூட இருக்காது.

நாமக்கல் வழியாகப் போகும் சேலம்–கரூர் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 85 கிலோமீட்டர்தான். 1990களில் அனுமதி கிடைத்தது, பயணிகள் வண்டி ஓடியது 2013ல். அனுமதி வந்த வருடம் பால்வாடிக்குப் போன பிள்ளை, பாதை திறந்தபோது கல்லூரியை முடித்திருக்கும். ஒரு பாதைக்கு அவ்வளவு காலம் பிடிக்குமென்றால், 2045ல் வேண்டியதை இப்போதே தாளில் வரைந்தாக வேண்டும்.

இந்த வழிகாட்டி தொழில் அமைப்புகள், பயணிகள் சங்கங்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கானது. நாலைந்து பேர், ஒரு வருடத்து சனி ஞாயிறுகள், ஒரு லேப்டாப், நடக்கக் கால். இவ்வளவு போதும். நெடுக நான் சொல்லப்போவது ஒன்றுதான்: வண்டி கேட்பதற்கு முன்னால் வண்டி ஓடவும் நிற்கவும் இடம் கேளுங்கள்.

படி 1: வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள்

மாவட்ட எல்லையை மறந்துவிட்டுப் பாதைகளை மட்டும் வரையுங்கள். முதுகெலும்பு ஜோலார்பேட்டை–சேலம்–ஈரோடு–திருப்பூர்–போத்தனூர்–வாளையார். கேரளத்துக்குப் போகிற வண்டிகளில் பெரும்பகுதி இதன்மேல்தான் ஓடுகிறது. அப்புறம் விலா எலும்புகள். சேலத்திலிருந்து மேட்டூர் அணை, தர்மபுரி வழியாக பெங்களூரு, விருத்தாசலம், நாமக்கல் வழியாகக் கரூர். ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர், திருச்சி. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி, அங்கே பிரிந்து ஒன்று பாலக்காட்டுக்கும், இன்னொன்று உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கும் போகிறது.

இப்போது வெற்றிடங்களைப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம், பல்லடம், அவிநாசி, கோபி, சத்தி, அந்தியூர், பவானி, திருச்செங்கோடு. உழைப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன இத்தனை ஊர்களுக்குள் தண்டவாளமே இல்லை. அதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுவிடாதீர்கள். அந்த ஆசையை ஏழாம் படிவரை அடக்கி வையுங்கள்.

அதே வரைபடத்தில் ரயில்வே கோட்டங்களுக்கும் வண்ணம் கொடுங்கள். சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1ல் உருவானது. போத்தனூருக்குத் தெற்கேயும் மேற்கேயும் போனால் பாலக்காடு, மதுரைக் கோட்டங்கள் குறுக்கே வரும். நாம் ஒரே கொங்கு நாடு என்று பேசினாலும் ரயில்வேயின் கோப்புகள் மூன்று அலுவலகங்களில் கிடக்கின்றன. எந்தக் கோரிக்கை எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தெரியாமலேயே பாதி மனுக்கள் செத்துப்போகின்றன.

வரைபடத்தோடு கொஞ்சம் வரலாறும் வேண்டும். மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை 1862ல் முழுமையானபோது அது போத்தனூர் வழியாகப் போனது. கோயம்புத்தூர் ஊர் ஒதுங்கி நின்றது. 1873ல் மேட்டுப்பாளையம் கிளைப் பாதை வந்தபோதுதான் கோவைக்கு வண்டி வந்தது. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போகும் பழைய தடத்தில் சில வண்டிகள் கோவையைத் தொடாமல் போவதும், அதற்காக நாம் மனு போடுவதும் வழக்குப் போடுவதும் அந்த முடிவின் மிச்சம்தான். அன்று யாரோ ஒரு பொறியாளர் வரைந்த கோட்டோடு 160 வருடம் கழித்தும் நாம் மல்லுக்கட்டுகிறோம். பென்சிலைக் கையில் எடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

படி 2: ஆட்களை எண்ணுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஆகிய ஆறு மாவட்டங்களின் 2011 மக்கள்தொகையைக் கூட்டினால் சுமார் 1.45 கோடி. 2021ல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027ல் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆக, பழைய எண்ணை வைத்துக்கொண்டு புது ஊரை அளக்க முடியாது. வீட்டு மின் இணைப்பு எண்ணிக்கை, ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, சுங்கச்சாவடி வாகனக் கணக்கு ஆகியவற்றில் கிடைத்ததை வாங்கி ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். நாலும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம்.

காத்திருப்போர் பட்டியலைத் தேவையின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற வண்டிக்கு எவ்வளவு நெருக்கடி என்பதைத்தான் அது சொல்லும். வண்டியே இல்லாத தடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் ஏது? பொள்ளாச்சியிலிருந்து திருப்பூருக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் ஆக வேண்டும். மணிக்கு 20 பேருந்து, பேருந்துக்கு 50 பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் 1,000 பேர் ஒரே திசையில் போகிறார்கள். அப்படிப்பட்ட நேரம் காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரம் நீடித்தால் அங்கே மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயிலுக்கு வேலை இருக்கிறது.

எந்த வாரத்தில் எண்ணுகிறீர்கள் என்பது முக்கியம். நாங்கள் முதல் தடவை தீபாவளிக்கு முந்தின வாரம் திருப்பூரில் எண்ணிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனோம். கம்பெனிகளுக்கு லீவு விட்டு ஊரே காலியாகிற வாரம் அது. மூன்று ஞாயிறு வீண். பண்டிகை இல்லாத, பள்ளி நடக்கிற மாதத்தில் ஒரு செவ்வாயும் ஒரு புதனும் எண்ணுங்கள். திங்கள் காலைக்கும் சனி மாலைக்கும் தனிக்கணக்கு.

அடுத்து, எந்த மனுவிலும் இடம்பெறாத ஒரு கூட்டம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய இடங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனியிலும் ஃபவுண்டரியிலும் கோழிப்பண்ணையிலும் வேலை பார்ப்பவர்கள். தன்பாத் வண்டி திருப்பூரில் வந்து நிற்கும்போது முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலைப் பாருங்கள். இவர்கள் எந்த உள்ளூர்ப் பயணிகள் சங்கத்திலும் உறுப்பினர் கிடையாது, எந்தக் கூட்டத்திலும் பேச மாட்டார்கள். ஆனால் இந்தப் பகுதியின் தொழில் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கணக்கில் அவர்களுக்குத் தனிப் பத்தி இல்லாவிட்டால் அந்தக் கணக்கு தப்பு.

படி 3: சரக்கை எண்ணுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது நம் கண்ணுக்குப் பயணிகள் வண்டிதான் தெரியும். பாதையைத் தின்பதும் ரயில்வேக்குச் சம்பாதித்துக் கொடுப்பதும் கூட்ஸ் வண்டிதான்.

முதலில் ஒரு பயிற்சி. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் உண்டு, மொத்தம் 1,440. எல்லாம் முழுமூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 34,560 மெகாவாட்-மணி. ஒரு மெகாவாட்-மணிக்குச் சுமாராக 0.7 டன் நிலக்கரி என்று வைத்தால் தினம் 24,000 டன். ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுக் கூட்ஸ் வண்டியில், 58 வேகன் போல இருக்கும். ஏறக்குறைய 3,900 டன் வரும். ஆக, நாளொன்றுக்கு ஆறு ரேக். வந்த ரேக் காலியாகத் திரும்ப வேண்டுமே, அதையும் சேர்த்தால் பாதையில் 12 ஓட்டம். ஒரே ஒரு ஆலை! இந்த மாதிரிக் கணக்கை ஒவ்வொரு பெரிய சரக்குக்கும் போடுங்கள்: சங்ககிரி, கரூர்ப் பக்கத்துச் சிமெண்ட், சேலத்து உருக்கு, ரேஷன் அரிசி, உரம்.

நாமக்கல் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வடக்கிலிருந்து ரேக் ரேக்காக வருகிறது. தூரம் அதிகம், ஒரே சரக்கு, ஒரே ஊர். ரயிலுக்கென்றே அமைந்த சரக்கு என்றால் இதுதான். நாமக்கல்லில் முட்டை உற்பத்தி கூடக் கூட அந்த ரேக்கும் கூடும். ஆனால் நாமக்கல் முட்டை லாரியில்தான் போகும். அதை ரயிலுக்கு மாற்றப் போவதாகத் திட்டத்தில் எழுதி யாரையும் சிரிக்க வைக்காதீர்கள்.

திருப்பூர்ச் சரக்குதான் கஷ்டமான கேள்வி. இங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம் லாரிக்கு ஓர் இரவுத் தூரம். சாயங்காலம் கம்பெனி வாசலில் கண்டெய்னரை ஏற்றினால் காலையில் துறைமுக வாசல். ரயிலில் அனுப்பினால் முதலில் லாரி, பிறகு டிப்போ, பிறகு ரயில், அங்கே மறுபடி இறக்கி ஏற்றல். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரர் என்னிடம் கேட்டது இதைத்தான்: “ரயிலு ஊருக்கு ஊரு போகுமுங்க, குடோனுக்குக் குடோன் போகுமுங்களா?” 

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு முழுக் கண்டெய்னர் வண்டி 45 வேகன், இருபதடிக் கண்டெய்னராக 90 பெட்டி. திருப்பூர் மட்டும் தினமும் ஒரே துறைமுகத்துக்கு 90 பெட்டி ஒரே நேரத்தில் கொடுக்காது. கோவையின் பம்பு, வார்ப்பு, கரூரின் வீட்டுத் துணி, பொள்ளாச்சியின் தேங்காய் நார், எல்லாவற்றையும் சேர்த்து வாரத்தில் குறித்த கிழமை, குறித்த மணிக்குக் கிளம்பும் வண்டி என்றால் ஏற்றுமதியாளர் யோசிப்பார். அவர் கட்டணத்தைவிடக் கப்பலைத் தவறவிடுவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார். இருகூரிலும் திருப்பூரிலும் உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. போத்தனூர்–பொள்ளாச்சி–பழனி–திண்டுக்கல் தடமும் அகலப் பாதையாகிவிட்டது. இல்லாதது நேரம் தவறாத ஒரு வண்டி.

உள்நாட்டுக்கு அனுப்பும் பனியன் பேல் வேறு ரகம். ஹௌராவுக்கும் டெல்லிக்கும் பார்சல் பெட்டியில் போகிறது. தூரம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ரயில் சுலபமாக ஜெயிக்கும். அதற்குத் தேவை பெரிய யார்டு அல்ல. பயணிகள் பிளாட்பாரத்தை மறிக்காத ஒரு பார்சல் முனையம்.

சரக்குக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாதீர்கள். இன்று ரயிலில் வருவது நாளையும் வரும் என்று நினைப்பது. கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை எரிபொருள் குழாய் பதித்திருக்கிறார்கள். குழாயில் போவது டேங்கர் ரேக்கில் வராது. அனல்மின் நிலையமும் அப்படித்தான்: பழைய அலகுகள் 2050வரை ஓடுமா? காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடும்போது அந்த 12 ஓட்டமும் குறையலாம். அதனால் சரக்குக்கு ஒற்றை எண் எழுதாமல் மூன்று எண் எழுதுங்கள். வருடம் 2 சதவீதம் வளர்ந்தால் 25 ஆண்டில் 1.6 மடங்கு; 4 சதவீதம் என்றால் 2.7 மடங்கு; 6 சதவீதம் என்றால் 4.3 மடங்கு. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தால்தான் எதற்கும் ஒரே விடை கிடையாது என்று புரியும். 2020 டிசம்பரில் வெளியான தேசிய ரயில் திட்ட வரைவு, சரக்கில் ரயிலின் பங்கை 27லிருந்து 45 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. அது இலக்கு. உங்கள் கணக்கின் அடிப்படையாக அதை வைக்காதீர்கள்.

படி 4: பாதை எவ்வளவு தாங்கும்?

இதற்கு ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. ரயில்வேயில் எல்லோரும் அறிந்தது, பள்ளிக் கணக்குதான். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான பகுதிகளில் மிக மெதுவாகக் கடக்கப்படும் பகுதியை எடுங்கள். அதை ஒரு கூட்ஸ் வண்டி கடக்க 15 நிமிடம், சிக்னல் வேலைக்கு 5 நிமிடம் என்றால் 20. ஒரு நாளின் 1,440 நிமிடத்தை 20 ஆல் வகுத்தால் 72. பராமரிப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் கழித்து 70 சதவீதம் என்றால் 50 வண்டி. ஒற்றைப் பாதையில் இந்த 50 போக, வர இரண்டும் சேர்த்து.

இதில் கவனிக்க வேண்டியது, நூறு கிலோமீட்டர் பாதையின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது அதிலுள்ள ஒரே ஒரு மோசமான இடைவெளி. சொம்பின் வாய் அளவுக்குத்தானே தண்ணீர் வரும். அந்த இடைவெளியில் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கிக் கடக்க ஒரு கிராசிங் ஸ்டேஷன் வைத்து 15 நிமிடத்தை 8 ஆக்கினால், 13 நிமிடத்துக்கு ஒரு வண்டி; கணக்கு 77க்குப் போகும். பிறகு அடுத்த மோசமான இடைவெளி தலைகாட்டும், அது வேறு விஷயம்.

முதுகெலும்புப் பாதை இரட்டைப் பாதை. அங்கே சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோவை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கூட்ஸ் வண்டி சராசரி 50ல் போனால் இரண்டு மணி நேரம். விரைவு வண்டி சராசரி 100ல் போனால் ஒரு மணி நேரம். நடுவில் எங்கும் ஒதுங்காமல் கூட்ஸ் போக வேண்டுமானால் விரைவு வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அது கிளம்பியிருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் கோவை–சென்னை வந்தே பாரத் வந்தபோது நானும் போய்க் கைதட்டினேன். கைதட்டும்போது, இந்த ஒரு வண்டிக்காக எத்தனை கூட்ஸ் எந்த லூப்பில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தண்டவாளத்தில்) ஒதுங்கி நிற்கிறது என்றும் யோசித்திருக்க வேண்டும். விரைவு வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலை டிக்கெட்டில் எழுதியிருப்பதைவிட அதிகம், அவ்வளவுதான்.

படி 5: மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்ப் பழக்கம் நேரே புதுப் பாதை கேட்பது. வரிசையை மாற்றுங்கள்.

முதலில் சிக்னல். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு வண்டி என்ற முறையை விட்டுவிட்டு இடையில் தானியங்கி சிக்னல்கள் வைத்தால், ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டி விடலாம். அப்புறம் லூப். 58 வேகன் ரேக், எஞ்சினும் கார்டு வேனும் சேர்த்தால் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லூப் அதைவிட நீளமாக இல்லாவிட்டால் வாலை மெயின் லைனில் விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். இருக்கிற லூப்புகளின் நீளத்தைப் பட்டியல் போடுங்கள். அடுத்தது ஒற்றைப் பாதைகளை இரட்டையாக்குவது: கோவை வடக்கு–மேட்டுப்பாளையம், ஈரோடு–கரூர், கரூர்–திண்டுக்கல். என் கணக்கில் இதில் முதலில் வர வேண்டியது ஈரோடு–கரூர். சென்னைக்குப் போகாத சரக்குக்கெல்லாம் அதுதான் தெற்கு வாசல்.

மூன்றாவது, நான்காவது பாதை அதற்கு அடுத்து. 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டருக்கு மித அதிவேக ரயிலின் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. அது தனித் தண்டவாளத்தில் வந்தால் பழைய பாதையில் கூட்ஸுக்கு இடம் கிடைக்கும். உங்கள் திட்டத்தில் அதை இப்படி எழுதுங்கள்: வந்தால் இன்ன மாற்றம், வராவிட்டால் எந்த வருடத்துக்குள் மூன்றாவது பாதை. ஒரு அறிவிப்பை நம்பி மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிடக் கூடாது.

லெவல் கிராசிங்குகளையும் இந்தப் படியிலேயே முடித்துவிடலாம். தினசரி ரயில் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் தினசரி வாகன அலகுகளால் பெருக்கி 1 லட்சம் வந்தால் மேம்பாலத்துக்குத் தகுதி. 100 ரயில், 1,000 வாகனம் போதும். கேட்டை மூடினால் ரோட்டில் கூட்டம். திறந்தே கிடந்தால் வண்டிக்கு சிக்னல் கிடைக்காது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

படி 6: இடத்தைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கோவை ஜங்ஷனில் ஆறு பிளாட்பாரம். இரண்டு பக்கமும் ஊர். ஏழாவது எங்கே? ஒரு வண்டி கோவையிலிருந்து கிளம்ப வேண்டுமானால் பிளாட்பாரம் மட்டும் போதாது. பெட்டிகளைக் கழுவிப் பரிசோதிக்கும் பிட் லைன், நிறுத்தி வைக்கும் லைன், தண்ணீர், ஆட்கள் எல்லாம் வேண்டும். “புது வண்டிக்கு இடமில்லை” என்று பதில் வருவது பெரும்பாலும் பாதையால் அல்ல, இவற்றால்தான். போத்தனூரை முழு இரண்டாம் முனையமாக்குவது, இந்தப் பக்கம் கோவை வடக்கையும் பீளமேட்டையும் உள்ளூர் வண்டிகளுக்கு வைத்துக்கொள்வது என்று எந்த ஸ்டேஷனுக்கு என்ன வேலை என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்றால் எந்த வண்டியும் ஓடாது.

கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. முழு ரேக் நிற்க 750 மீட்டர் நேர்கோடு. அதில் இரண்டு லைன், இறக்கும் மேடை, லாரி திரும்ப இடம், குடோன் என்று 100 மீட்டர் அகலம் வைத்தால் 7.5 ஹெக்டேர், அதாவது பதினெட்டரை ஏக்கர். இரு முனையிலும் மெயின் லைனோடு சேர்க்கும் வளைவும் லாரிக்கு அணுகு சாலையும் சேர்த்தால் 25 ஏக்கர் என்று வையுங்கள். திருப்பூரைச் சுற்றியோ இருகூர்ப் பக்கமோ தண்டவாளத்தை ஒட்டி, பைபாஸுக்குப் பக்கத்தில் அப்படி 25 ஏக்கர் ஒரே தாக்காக இன்னும் எங்கே இருக்கிறது? பத்து வருடம் கழித்து அதில் லே-அவுட் போட்டிருப்பார்கள். நகருக்கு ஏதாவது ஒரு சாமி பெயரும் வைத்திருப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: முதுகெலும்புப் பாதையில் சேலத்திலிருந்து வாளையார்வரை இரண்டு பக்கமும் நடந்து அல்லது வண்டியில் போய், இன்னும் காலியாக இருக்கும் நீளத் துண்டுகளைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பார்த்து அதில் எவை புறம்போக்கு, எவை பட்டா என்று பிரியுங்கள். பிறகு அவற்றை உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் போக்குவரத்துக்கான இடமாகக் காட்டச் சொல்லுங்கள். இது ரயில்வேயின் வேலை அல்ல. மாநில அரசின் வேலை. முழுமைத் திட்டம் வரைவாக வரும்போது பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். ஸ்டாப்பிங் கேட்டு ஊர்வலம் போகிற நாம் அந்த அவகாசத்தில் ஒரு கடிதம்கூடப் போடுவதில்லை.

நிலம் என்றதும் இன்னொன்று. எரிவாயுக் குழாய் விவகாரத்தில் 2013ல் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்கள் ஏழின் விவசாயிகள் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பது ஊரறிந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. மஞ்சளும் தென்னையும் நிற்கிற பூமியில் கல் நட்டுவிட்டுப் பிறகு பேசப் போனால் அதே கதைதான். காட்டுக்காரரிடம், அதாவது அந்த நிலத்து விவசாயியிடம், கோடு போடுவதற்கு முன்னாலேயே போங்கள். எந்த வாய்க்கால் குறுக்கே வெட்டுப்படும், கிணறு எந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும், மாட்டு வண்டிப் பாதை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். கோட்டை 200 மீட்டர் நகர்த்தினால் தீர்ந்துவிடுகிற சண்டைகள் நிறைய.

படி 7: புதுப் பாதை, காடு

இப்போது அந்த வெற்றிடங்களுக்கு வரலாம். சென்னிமலை, காங்கேயம், தாராபுரம் வழியாக ஈரோடு–பழனி புதுப் பாதை சுமார் 91 கிலோமீட்டர், நெடுங்காலப் பேச்சு. சமவெளி, பெரிய காடு கிடையாது, இரண்டு முனையிலும் இருக்கிற பாதைகளோடு சேரும். பழனி பக்தர்கள், தெற்கே போகும் சரக்கு, காங்கேயத்து அரிசி ஆலை, எண்ணெய் ஆலை. என் கருத்தில் கொங்கு நாட்டில் எந்தப் புதுப் பாதைக்காவது வாதாட வேண்டுமென்றால் அது இதுதான்.

சத்தியமங்கலம்–சாம்ராஜ்நகர் வேறு. கனவு பழசு, கோடு அழகு. ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள்ளே ஏற வேண்டும். வனத்துறை ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோனதில் நியாயம் இருக்கிறது. இதை எழுதினால் சத்திப் பக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். ஆனால் நடக்காத ஒன்றைத் திட்டத்தில் வைத்தால் நடக்கக்கூடிய நாலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எட்டிமடை–வாளையார் பகுதியில் பாதை ஏற்கெனவே காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பரில் நவக்கரைக்குப் பக்கத்தில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. அதற்குப் பிறகு யானை கடக்கச் சுரங்கப் பாதைகள், இரவில் வேகக் குறைப்பு, 2024 பிப்ரவரியிலிருந்து மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் என்று வந்திருக்கின்றன. திட்டம் எழுதுகிறவர் கணக்கில் சேர்க்க வேண்டியது: இரவில் வேகம் குறைந்தால் நாலாம் படியில் போட்ட 15 நிமிடம் கூடிவிடும். கேரளத்துக்கான கூட்ஸ் இரவிலும் ஓடும். அங்கே தாங்குதிறனைப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

படி 8: பணமும் கோப்பும்

ஒரு பாதை நடக்கிற வழி இது: முதல்நிலை ஆய்வு, இறுதி இட ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, அனுமதி, ஒதுக்கீடு, நிலம், வேலை. “ஆய்வுக்கு உத்தரவு” என்று பத்திரிகையில் வந்ததும் பட்டாசு வெடிப்பவர்கள் ஏழில் முதலாவதே இன்னும் முடியவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அனுமதி வந்த பிறகும், பட்ஜெட்டோடு வரும் ரயில்வேயின் திட்டவாரி ஒதுக்கீட்டுப் பட்டியலான பிங்க் புக்கில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழகப் புதுப் பாதைகள் சிலவற்றுக்குப் பெயருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய வருடங்களும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு இப்போது ஒரு குடும்பம் அன்னபூர்ணா ஹோட்டலில் சாப்பிட்டு வரலாம்.

முதலீட்டுக்கு எவ்வளவு வருவாய் திரும்பும் என்ற விகிதத்தைத்தான் ரயில்வே முதலில் பார்க்கும். நெடுங்காலம் 14 சதவீதம் என்பது அளவுகோலாக இருந்தது. பயணிகளை மட்டும் காட்டி எந்தப் பாதையும் அதைத் தொட்டதில்லை எனலாம். மூன்றாம் படியில் நீங்கள் சேர்த்த சரக்குக் கணக்குக்கு மதிப்பு வருவது இங்கேதான். ஈரோடு–கரூர் இரட்டைப் பாதைக்கு ஆயிரம் கையெழுத்தைவிட, “இந்தத் தடத்தில் மாதம் இத்தனை ரேக் தருகிறோம்” என்று பத்து ஆலைகள் கையெழுத்திட்ட ஒரு தாள் கனமானது. மாநில அரசு பாதிச் செலவையோ நிலத்தையோ ஏற்றால் விகிதம் இன்னும் மேலே போகும்.

படி 9: எழுதி, கொடுத்து, திருத்துங்கள்

அறிக்கை 40 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் வரைபடம். பிறகு மூன்று காலம்: 2030க்குள் சிக்னல், லூப், மேம்பாலம், பார்சல் முனையம், இடங்களை முழுமைத் திட்டத்தில் ஏற்றுவது, 2040க்குள் இரட்டைப் பாதைகள், போத்தனூர் முனையம், ஊருக்கு வெளியே கூட்ஸ் ஷெட்டுகள், 2050க்குள் மூன்றாவது பாதை, ஈரோடு–பழனி. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அது எந்த எண்ணைத் தொட்டால் தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள். “2035ல் இரட்டைப் பாதை” என்பதைவிட “நாளொன்றுக்கு 40 வண்டியைத் தாண்டினால் இரட்டைப் பாதை வேலை தொடங்க வேண்டும்” என்பது பிழைக்கும். வருடம் பொய்த்தாலும் எண் பொய்க்காது.

2027 கணக்கெடுப்பு எண்கள் வந்தவுடன் முதல் திருத்தம். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. எண்ணிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்; அடுத்த தடவை எண்ணப் போகிறவர் வேறு ஆளாக இருப்பார்.

பிரதிகளை மூன்று கோட்ட மேலாளர்களுக்கும், சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கும், கோட்ட, மண்டலப் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுங்கள். ஆறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் ஆறாம் படியின் நிலப் பட்டியலைச் சர்வே எண்ணோடு தனியாக இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.